கொங்கு மானாவாரிக் காட்டில் கொள்ளு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பக்கத்தில் கொள்ளு என்றாலே பலருக்கும் ஓர் அலட்சியம் உண்டு. சோளம் போட முடியவில்லை, மழையும் தள்ளிப் போய்விட்டது, மானாவாரிக் காட்டை, அதாவது மழையை மட்டும் நம்பிய புன்செய் நிலத்தை, சும்மா போடுவதற்குப் பதில் நாலு படி கொள்ளையாவது இறைத்துவிடலாம் என்று கடைசியில்தான் அதன் நினைவு வருகிறது. இறைத்தபின் ஒரு களை கூட எடுப்பதில்லை. தை மாதம் போய்ப் பார்த்துவிட்டு "கொள்ளு ஒன்றும் தேறவில்லை" என்று சொல்வது அந்தப் பயிருக்குச் செய்கிற அநியாயம். பருவத்தில் விதைத்து, இடைவெளி விட்டு, ஒரே ஒரு களை எடுத்தால் கொள்ளு தன் செலவையும் எடுத்துக் கொடுக்கும், அடுத்த பயிருக்கு மண்ணையும் திருத்தி வைக்கும். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், பல்லடம், சென்னிமலை, க.பரமத்தி என்று மானாவாரிக் காடு வைத்திருக்கும் நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்? ஆடியில் ஒரு மழை பெய்தால் போட்டுவிடலாமா?

விதை எடுக்க வேண்டும் என்றால் ஆடியில் போடாதீர்கள். பகல் பொழுது குறையும்போது பூக்கிற பயிர் கொள்ளு. ஆடியில் விதைத்தால் பகல் நீளமாக இருக்கிற நாட்களில் கொடி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காடு பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கும், காய் பிடிக்காது. புரட்டாசி பிற்பாதியிலிருந்து ஐப்பசி முடிய, அதாவது அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைப்பதுதான் சரியான பருவம். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் முளைத்து, கார்த்திகையில் கொடி கட்டி, மார்கழிப் பனியில் காய் முற்றி, தையில் கைக்கு வந்துவிடும்.

நமக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே 600, 700 மில்லிமீட்டர் மழைதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்வதால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆகவே ஐப்பசி மழையை நம்பித்தான் கொள்ளு. அந்த மழையை ஒரு வாரம் தவறவிட்டால் ஒரு வாரத்து ஈரம் போயிற்று. மார்கழியில் விதைத்தவர்கள் ஒரு சாண் உயரச் செடியும், செடிக்கு நாலு காயும்தான் பார்ப்பார்கள்.

மாட்டுத் தீவனத்துக்கோ பசுந்தாள் உரத்துக்கோ என்றால் கதை வேறு. அதற்கு ஆடி, ஆவணி மழையே நல்லது. ஓடுகிற கொடிதானே அங்கே வேண்டும்.

என் காடு சரளை. செம்மண் கூட இல்லை. வருமா?

வரும். சரளையிலும் ஆழமில்லாத செம்மண்ணிலும் மற்ற பயறுகள் திணறும் இடத்தில் கொள்ளு நிற்கும். அதற்கு ஒத்துவராதது ஒன்றுதான்: நீர் தேங்குதல். பொங்கலூர், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் போடுவதாக இருந்தால் வடிகால் பார்த்துப் போடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகி, செடி மஞ்சளாகிவிடும். அந்த மாதிரி ஈரம் பிடிக்கிற கரிசலில் கொண்டைக்கடலை போடுவது புத்திசாலித்தனம்.

உழவைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே அஞ்சு கொழு உள்ள கலப்பையில் ஓர் உழவு ஓட்டி வையுங்கள். ஐப்பசியில் விதைக்கும் முன் ஒன்பது கொழுக் கலப்பையில் இன்னொரு முறை ஓட்டினால் போதும். ரோட்டவேட்டர் போட்டு மண்ணை மாவாக்க வேண்டிய வேலை கொள்ளுக்கு இல்லை. மாவான மண் ஒரு கனமழையில் இறுகி, முளையை வெளியே விடாது.

எந்த ரகம், ஏக்கருக்கு எவ்வளவு விதை?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்களில் பையூர் 2 நமக்குப் பொருந்தும். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம் இது, ஏறத்தாழ 105 நாளில் முடிந்துவிடும். பையூர் 1 சில நாட்கள் கூடுதலாக எடுக்கும். பழைய நாட்டுக் கொள்ளு வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட வேண்டாம். கொடி அதிகம் ஓடுகிற நாட்டு ரகம், மாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு நல்லது.

வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 8 கிலோ போதும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். கையால் தூவி உழுவதாக இருந்தால் 10 முதல் 12 கிலோ பிடிக்கும். தீவனத்துக்கு என்றால் அதற்கும் மேலே அடர்த்தியாகப் போடலாம்.

ஆள் கிடைக்காத காலத்தில் தூவுவதுதான் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூவிய காட்டில் பாதி விதை மேலேயே கிடக்கும், பாதி ஆழத்துக்குப் போகும், முளைப்பு ஒரே சீராக இருக்காது. விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் அதில் போடுங்கள். மிச்சமாகிற விதைக் காசிலேயே வாடகையில் ஒரு பங்கு வந்துவிடும், அப்புறம் களைவெட்டும் சுலபம்.

விதை நேர்த்தி (விதைக்கும் முன் விதையோடு நுண்ணுயிரோ மருந்தோ கலப்பது) அவசியமா? எங்கள் அப்பாரு காலத்தில் செய்ததில்லையே.

அப்பாரு காலத்தில் வருடா வருடம் கட்டுத்தரைச் சாணம் முழுக்கக் காட்டுக்குப் போயிற்று, ஆட்டுக்கிடை போட்டார்கள், மண்ணில் நுண்ணுயிர் நிறைய இருந்தது. இன்று பல காடுகள் சாணம் கண்டே வருடக்கணக்காகிறது. பயறு வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுப்பது ரைசோபியம் என்ற பாக்டீரியா. அது மண்ணில் இல்லையென்றால் கொள்ளும் மற்றப் பயிரைப் போல மண்ணிலிருந்துதான் தழைச்சத்தை உறிஞ்சும்.

செலவு மிகக் குறைவு. ஓர் ஏக்கர் விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையோடு புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பாக்டீரியா செத்துவிடும். வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை விதை கிலோவுக்கு 4 கிராம் கலக்கலாம். ரசாயனப் பூசணக்கொல்லி கலப்பவர்கள் அதை முதல் நாளே முடித்துவிட்டு, மறுநாள் ரைசோபியம் கலக்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும்.

விதைத்து ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். வேரில் முடிச்சு இருந்தால் ஒன்றைக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

உரம் போட வேண்டுமா?

தழைச்சத்தை அள்ளிப் போட வேண்டாம், கொடிதான் ஓடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொஞ்சம் கொடுத்தால் வேரும் முடிச்சும் நன்றாக வரும். மானாவாரிக்குப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 5, மணிச்சத்து 10, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 5 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ மட்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரமாக ஒரு மாதம் மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழுவுரமாகக் கடைசி உழவில் இடுவதுதான் இருப்பதிலேயே நல்ல முறை.

பூக்கும் சமயத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதம் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளித்தால் காய்பிடிப்பு கூடும். 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாசில் அடைத்துக்கொள்ளும். மண்ணில் ஈரம் இருக்கும்போது, மாலையில் தெளியுங்கள்.

மயில் விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இன்றைக்குக் கொங்கு மானாவாரியின் பெரிய துன்பம் இதுதான். கேட்கிறவர்களின் வலி எனக்குப் புரிகிறது. விதைத்த அன்றைக்கே வந்து கொத்தும், முளை விட்டதும் இலையைக் கிள்ளும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைப்பது, பிடிப்பது எல்லாம் குற்றம், செய்யவும் கூடாது.

செய்யக்கூடியவை சில உண்டு. விதையை மேலாக விடாமல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மண்ணை மூடுங்கள். தூவி விதைப்பதை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி எல்லோரும் ஒரே வாரத்தில் விதையுங்கள். ஐம்பது ஏக்கர் ஒரே நேரத்தில் முளைத்தால் சேதம் பரவலாகிவிடும், தனியாக முளைத்த இரண்டு ஏக்கர் முழுசாகப் போகும். முதல் 15 நாள் விடியற்காலையிலும் சாயங்காலமும் காட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் போதும். கொடி மூடியபின் சேதம் குறைந்துவிடும்.

களை?

20 அல்லது 25-ஆம் நாள் ஒரு கைக்களை. அவ்வளவுதான். 40 நாளுக்குள் கொடி வரிசைகளுக்கு நடுவே பின்னி மண்ணை மூடிவிடும், அதன்பின் பார்த்தீனியம் கூடத் தலைதூக்கத் திணறும். அந்த ஒரு களையைத் தவிர்த்தால்தான் சிக்கல். கொடிக்கு முன் களை ஓடிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

சோளத்தோடு கலந்து போடலாமா?

தாராளமாக. மாடு கட்டியிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தீவனத் தட்டுக்காக அடர்த்தியாகச் சோளம் விதைக்கும்போதே கொள்ளையும் கலந்துவிட்டால், சோளத்தட்டோடு கொள்ளுக்கொடியும் சேர்ந்து போரில் ஏறும். வெறும் சோளத்தட்டில் புரதம் குறைவு, கொடி அந்தக் குறையை நிரப்பும். ஆனால் கொள்ளு விதையும் கணிசமாக எடுக்க வேண்டும் என்றால் கலக்காதீர்கள். அடர்ந்த சோளத்தின் நிழலில் காய் குறையும். சோளத்தை அகல வரிசையில் போட்டு நடுவே கொள்ளு வரிசை விடுவது இரண்டுக்கும் நடுவான வழி.

கோடை மழையில் எள் போட்டு எடுத்த காட்டில் புரட்டாசிக் கடைசியில் கொள்ளு போடுவதும் நல்ல சுழற்சி.

தென்னந்தோப்பு, முருங்கைக் காட்டில்?

மூலனூர்ப் பக்கத்து முருங்கை வரிசைகளுக்கு நடுவே நன்றாக வரும், நிழல் குறைவு. பொள்ளாச்சியில் ஓலை மூடிய தோப்பில் விதைக்காகப் போடாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட இளந்தோப்பில் போடலாம். மற்ற தோப்புகளில் ஓரளவு வெயில் விழுந்தால் மண்மூடாக்குக்காக விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடலாம்.

கொறங்காட்டை உழுது கொள்ளு போடலாமா?

புல் நன்றாக இருக்கிற கொறங்காட்டைத் தொடாதீர்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்து நிற்கிற அந்த மேய்ச்சல் காடு உருவாகத் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. காங்கேயம் மாடும் செம்மறியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. புல் அழிந்து வெறும் தரையாகிவிட்ட பகுதி இருந்தால், அங்கே ஒரு வருடம் கொள்ளு போட்டு மண்ணைத் தேற்றி, மறுபடி கொழுக்கட்டை விதை தூவலாம்.

பக்வீட் என்று ஒரு தானியம் நல்ல விலைக்கு விற்கிறதே, அதைப் போட்டால் என்ன?

இந்தக் கேள்வி இப்போது படித்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்புகிற பிள்ளைகளிடமிருந்து நிறைய வருகிறது. ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டேன். பக்வீட் என்பது கோதுமையும் இல்லை, புல்லினமும் இல்லை, நம் சுக்கான்கீரையின் குடும்பம். முக்கோண விதை. இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் மலைக் காடுகளில் விளைகிறது, வடக்கே நவராத்திரி விரதத்தில் சாப்பிடும் குட்டு மாவு இதுதான். குளுட்டன் கிடையாது என்பதால் நகரத்துக் கடைகளில் தேவை இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் விளைந்துவிடும், களையை அமுக்கும், தேனீக்கு நல்ல பூ.

இத்தனை நல்ல குணமும் குளிர்ந்த ஊரில்தான். பூக்கும் நேரத்தில் வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் பூ கருகி விதை பிடிக்காமல் போய்விடும். காங்கேயத்துக் காற்றை நினைத்துப் பாருங்கள். மேலும் அது பயறு இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்காது. விதையின் தோலை நீக்கத் தனி இயந்திரம் வேண்டும், வாங்குகிற வியாபாரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தாளவாடி மேட்டு நிலம் மாதிரிக் குளிர்ச்சியான இடத்தில், தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் பத்து சென்டில் போட்டுப் பார்க்கலாம். சமவெளி மானாவாரியில் பணத்தைப் போட வேண்டாம். குறுகிய நாளில் விளைந்து, மெலிந்த மண்ணில் நின்று, களையை அமுக்கும் பயிர் நம்மிடமே இருக்கிறது.

இலை மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுகிறது. என்ன நோய்?

மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது, வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. முதல் மாதத்தில் அங்கங்கே ஒன்றிரண்டு செடியில் தெரிந்தால் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து வைக்கலாம், வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகும் என்பதால், கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கோடையில் போடுகிற கொள்ளில் இது மோசமாக வரும்.

மார்கழி, தைப் பனியில் இலைமேல் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். காய் முற்றுகிற கட்டத்தில் வந்தால் பெரிய இழப்பில்லை, விட்டுவிடலாம். பூக்கும் முன்பே வந்தால் நனையும் கந்தகம் தெளிக்க வேண்டும்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. பாய்ச்சலாமா?

கார்த்திகையில் மழை ஏமாற்றினால் பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் கொடுங்கள், பலன் தெரியும். அதற்கு மேல் வேண்டாம்.

அறுவடை எப்போது, எப்படி?

முக்கால்வாசிக் காய் பழுப்பு நிறத்துக்கு மாறியதும் தொடங்கிவிடுங்கள். எல்லாக் காயும் காயட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியவை வெடித்துச் சிதறிவிடும். விடியற்காலையில், பனி ஈரம் கொடியில் இருக்கும்போதே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் வேரோடு பிடுங்குவது வழக்கம். கையால் பிடுங்குவது வேகமாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் வேர் முடிச்சு எல்லாம் காட்டை விட்டுக் களத்துக்குப் போய்விடுகிறதே! மண்ணும் விதையோடு கலந்துவிடும். அரிவாளால் அடியில் அறுத்தால் வேர் காட்டிலேயே மட்கும். அறுப்புக் கூலி கொஞ்சம் கூடினாலும் நான் அறுக்கத்தான் சொல்வேன்.

மூன்று, நான்கு நாள் களத்தில் காயவைத்து அடித்துத் தூற்றலாம். தார்ச்சாலையில் பரப்பி வண்டிகளை ஓடவிடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டு சக்கர வண்டியில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள், விதையும் கல்லும் மண்ணுமாகி விலை குறைகிறது.

கொள்ளை அடித்தபின் மிஞ்சும் பொட்டை (காய்ந்த கொடி, காய்த்தோல்) என்ன செய்வது?

விற்றுவிடாதீர்கள், மாட்டுக்குப் போடுங்கள். கொள்ளுப் பொட்டு கட்டுத்தரைக்கு நல்ல தீவனம், செம்மறியும் வெள்ளாடும் விரும்பித் தின்னும். பச்சைக் கொடியைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் நிறையத் தின்னவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், சோளத்தட்டோ வைக்கோலோ கலந்து போடுங்கள். வேகவைத்த கொள்ளு உழவு மாட்டுக்கும் குதிரைக்கும் கொடுப்பது நாம் அறிந்ததுதான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களைக் கேட்டால் கொள்ளின் அருமை சொல்வார்கள்.

எவ்வளவு விளையும்? கட்டுபடியாகுமா?

பராமரித்த காட்டில், மழை ஒத்துழைத்தால் ஏக்கருக்கு 250 முதல் 350 கிலோ. இறைத்துவிட்டுப் போன காட்டில் இதில் பாதி கூட வராது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மசூர் ஆகியவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது, கொள்ளுக்கு அது கிடையாது. இத்தனை சத்துள்ள, இத்தனை ஏழை மண்ணில் விளைகிற பயறுக்கு இது இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். விவசாயக் கூட்டங்களில் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது, களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடாமல் இருப்பது. தையில் எல்லோரும் விற்கும்போது விலை தாழ்ந்துதான் இருக்கும். காயவைத்து, சலித்து, கல் நீக்கி, சில மாதம் வைத்திருந்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ நேரடியாக வீடுகளுக்கோ கொடுங்கள். முளைகட்டிய கொள்ளு, வறுத்த கொள்ளுப்பொடி என்று செய்தால் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. கணக்குப் போடும்போது பொட்டின் மதிப்பையும், அடுத்த பயிருக்கு மிச்சமாகிற யூரியாவையும் சேர்த்துப் போடுங்கள். மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்தால் கொள்ளு தோற்றது போலத் தெரியும்.

கொள்ளு சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக் கேட்கிறார்கள். கொள்ளு மருந்து இல்லை, நல்ல உணவு. 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம், நிறைய நார்ச்சத்து, இரும்புச்சத்து. வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் இருக்கும். முதல் நாளே ஊறவைத்தால், முளைகட்டினால் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கிற பொருட்கள் குறையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வையுங்கள், பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்துக் கடையுங்கள். நம் வீடுகளில் காலம்காலமாகச் செய்வதுதான்.

அடுத்த வருடத்துக்கு விதை எப்படி எடுத்து வைப்பது?

காட்டிலேயே தேர்ந்தெடுங்கள். தேமல் இல்லாத, காய் நிறையப் பிடித்த செடிகள் உள்ள பகுதியைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அதைத் தனியாக அறுத்துத் தனியாக அடியுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைகிற அளவுக்குக் காய வேண்டும். ஈரம் 10 சதத்துக்கு மேல் இருந்தால் பயறு வண்டு நிச்சயம் வரும். காய்ந்தபின் சூடு ஆறவிட்டு, வேப்பிலையோ அடுப்புச் சாம்பலோ கலந்து, காற்றுப் புகாத டிரம்மில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு முறை வெளியே எடுத்துக் காயவைத்து மறுபடி அடையுங்கள். ஆவணியில் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் முளைக்கவிட்டுப் பாருங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, புரட்டாசி பிறக்கும் முன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புது விதைக்குச் சொல்லிவையுங்கள்.